1718 ஸ்வீடன் செப்புக் காசு, ஒரு பக்கம் சாட்டர்ன், மறுபக்கம் "1 டாலெர்": அசலா, போலியா?

கரையோரன்:
வெளிநாட்டுக் காசுகள் கலந்த ஒரு பொட்டலம் வாங்கினேன். பெரும்பாலும் போன நூற்றாண்டுச் சில்லறைதான், ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது. செம்பு, விட்டம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், எடை 4 கிராம் சொச்சம். ஒரு பக்கம் தாடிக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கி வாயருகே கொண்டுபோகிறார், பக்கத்தில் "சாட்டர்னுஸ்" என்று லத்தீன் எழுத்து. மறுபக்கம் "1 டாலெர் எஸ்.எம்." 1718 என்று ஆண்டும் இருக்கிறது. டாலெர் என்றால் உள்ளங்கை நிறைய கனமான வெள்ளிக் காசு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், இது நம்ம பழைய காலணா போல இருக்கிறது. எஸ்.எம். என்றால் வெள்ளி என்று வேறு இணையத்தில் போட்டிருக்கிறது. செம்பில் அடித்த போலியா?

நாணயவிரும்பி:
போலி இல்லை, பயப்படாதீர்கள். இது ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் கார்ல் காலத்து நெருக்கடிக் காசு. அரசே செம்பில் அடித்து, "இதை ஒரு டாலெர் வெள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மக்கள் கையில் கொடுத்தது. சேகரிப்பவர்கள் "கெர்ட்ஸ் டாலெர்" என்பார்கள். கெர்ட்ஸ் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எஸ்.எம். என்பது "வெள்ளிக் கணக்கு" என்பதன் சுருக்கம். அந்த ஊரில் அப்போது இரண்டு கணக்கு ஓடியது, வெள்ளிக் கணக்கு ஒன்று, செப்புக் கணக்கு ஒன்று. ஒரு வெள்ளி டாலெருக்கு மூன்று செப்பு டாலெர். ஒரு வெள்ளி டாலெர் என்றால் 32 ஓரே (ஓரே என்பது சில்லறை). ஆகவே எஸ்.எம். என்று போட்டிருந்தால் காசு வெள்ளியால் ஆனது என்று அர்த்தம் இல்லை, எந்தக் கணக்கில் அதை எண்ண வேண்டும் என்று மட்டும்தான்.

மொத்தம் பத்து வகை உண்டு. 1715-இல் கிரீடம் போட்டது, 1716-இல் "புப்ளிகா ஃபிதே" என்று எழுதியது, 1717-இல் ஒன்று, 1718-இல் "ஃப்ளிங்க் ஓக் ஃபேர்திக்" என்று ஒன்று, அதே ஆண்டில் வரிசையாக ரோமக் கடவுள்கள் ஜூப்பிட்டர், சாட்டர்ன், ஃபீபஸ், மார்ஸ், மெர்க்குரி, கடைசியில் 1719-இல் "ஹொப்பெத்". பத்தும் சேர்த்தால் அழகான தொகுப்பு. கோடிக்கணக்கில் அடித்ததால் பெரும்பாலானவை கைக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கும்.

வெட்டிப்பேச்சு:
சூரியன், செவ்வாய், புதன், வியாழன், சனி. நவக்கிரகத்தில் பாதிக்கு மேல் காசில் ஏற்றிவிட்டார்கள். கரையோரன் கையில் சனி வந்திருக்கிறது, வீட்டில் எள்ளு விளக்கு ஏற்றிவிடுங்கள் 😀

கரையோரன்:
நல்ல நேரம் பார்த்து வாங்கியிருக்கிறேன் போல. சரி, நாணயவிரும்பி அண்ணா, நிஜ ஒரு டாலெர் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்?

நாணயவிரும்பி:
அங்கேதான் விஷயம். அதே ஆண்டுகளில் ஸ்வீடனில் ஒரு டாலெர் பெறுமான செம்பு என்றால் ஏறக்குறைய 750 கிராம் எடையுள்ள தகடு. ஆமாம், முக்கால் கிலோ. கத்தரித்த சதுரத் தகடு, நாலு மூலையிலும் அரசரின் முத்திரை, நடுவில் மதிப்பு முத்திரை. அதுதான் சட்டப்படியான பணம். உங்கள் கையில் இருப்பது 4 கிராம். இரண்டிலும் "1 டாலெர் எஸ்.எம்." என்றுதான் எழுத்து. வித்தியாசத்தை நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி_கா:
முக்கால் கிலோ காசா? மளிகைக் கடைக்கு எப்படிப் போவார்கள்?

தாமிரபரணி:
முக்கால் கிலோ எல்லாம் சின்னது. 1644-இல் கிறிஸ்டினா அரசி காலத்தில் 10 டாலெர் தகடு அடித்தார்கள், 19.7 கிலோ. நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 30. உலகில் இதுவரை புழக்கத்துக்கு வெளியிட்ட காசுகளில் மிகக் கனமானது என்று அதைத்தான் சொல்வார்கள். திருடன் வந்தாலும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பெரிய தொகை என்றால் வண்டி கட்டித்தான் போக வேண்டும்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. ஸ்வீடனில் ஃபாலுன் என்ற ஊரில் பெரிய செப்புச் சுரங்கம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கு 3,000 டன் வரை எடுத்தார்கள், ஒரு கட்டத்தில் ஐரோப்பாவுக்குத் தேவையான செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்துதான். ஆனால் வெள்ளி கொஞ்சம்தான். இந்தச் செம்பை வாங்கியவர்களில் ஸ்பெயின் முக்கியம். மூன்றாம் பிலிப், நான்காம் பிலிப் இருவரும் மரவேடி என்ற சில்லறையை வெள்ளி கலக்காத செப்புக் காசாக அடித்துத் தள்ளினார்கள், அதே காசை மறுபடி மறுபடி முத்திரை குத்தி மதிப்பை ஏற்றினார்கள், இறக்கினார்கள். விலைவாசி தாறுமாறாகப் போனது. 1626-இல் ஸ்பெயின் அடிப்பதை நிறுத்தியது. பெரிய வாடிக்கையாளர் கையை விரித்தால் சரக்கு என்ன ஆகும்? விலை சரியும்.

ஸ்வீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் 1624-இலேயே செப்புக் காசு அடிக்க ஆரம்பித்திருந்தார். செம்பை எல்லாம் ஆம்ஸ்டர்டாம் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டினால் விலை இன்னும் இறங்கும், ஒரு பகுதியை உள்ளூரிலேயே பணமாகச் சுற்ற விட்டால் சந்தையில் விலை நிற்கும், இதுதான் யோசனை. ஆனால் உள்ளே இருக்கும் செம்பின் விலையும் மேலே எழுதிய மதிப்பும் ஒத்துப்போக வேண்டும் என்று பிடிவாதம். வெள்ளியை விடச் செம்பு பல மடங்கு மலிவு, எனவே காசு பல மடங்கு பெரிதாகிறது. அதுதான் தகடு. 1776 வரை அவெஸ்தா அச்சுச்சாலையில் அடித்தார்கள்.

மீனாட்சி_கா:
அப்போ ஐரோப்பாவின் முதல் ரூபாய் நோட்டு ஸ்வீடனில் வந்தது என்று எங்கோ படித்தேனே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தாமிரபரணி:
நேரடித் தொடர்பு. 1660-இல் புதுத் தகடுகளின் எடையைக் குறைத்தார்கள். பழைய கனத் தகடுகள் உலோகமாகவே அதிக விலை போகும் என்று தெரிந்ததும் வங்கியில் போட்டிருந்தவர்கள் எல்லாம் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் என்பவர் நடத்திய ஸ்டாக்ஹோம் வங்கி அது. கையில் தகடு இல்லை, எனவே 1661-இல் சீட்டு எழுதிக் கொடுத்தார். தூக்கிக்கொண்டு நடக்க எளிது என்பதால் மக்கள் ஆசையாக வாங்கினார்கள். அவர் அளவுக்கு மேல் எழுதினார், சில ஆண்டுகளில் வங்கி படுத்தது, அவர் சிறைக்குப் போனார். 1668-இல் நாடாளுமன்றப் பொறுப்பில் புது வங்கி தொடங்கினார்கள், இன்றைய ஸ்வீடன் மத்திய வங்கி அதுதான்.

இதைச் சொல்லக் காரணம், 1715-இல் கெர்ட்ஸ் காசு வந்தபோது "வாக்குறுதியைப் பணமாக்குவது" ஸ்வீடன்காரர்களுக்குப் புதிது இல்லை. ஒருமுறை சூடு பட்டவர்கள்.

நாணயவிரும்பி:
சரி, கெர்ட்ஸுக்கு வருவோம். கார்ல் 1697-இல் 14 வயதில் அரியணை ஏறினார். 1700-இல் டென்மார்க், சாக்சனி-போலந்து, ரஷ்யா மூன்றும் சேர்ந்து பாய்ந்தன. அதே ஆண்டு நார்வாவில் ரஷ்யப் படையைச் சிதறடித்தார், பையனுக்குப் பதினெட்டு வயது, ஐரோப்பாவே வாய்பிளந்தது. 1709-இல் பொல்தாவாவில் ரஷ்யாவிடம் தோற்று அந்த ஆர்ப்பாட்டம் எல்லாம் முடிந்தது. படை அழிந்து, துருக்கி சுல்தானின் எல்லைக்குள் பெந்தரில் போய் உட்கார்ந்தார். துருக்கி மண்ணில் மொத்தம் ஐந்து ஆண்டு! அங்கிருந்தே நாட்டை ஆண்டார், கடிதம் எழுதி. 1714 கடைசியில் குதிரையில் ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து ஷ்ட்ரால்சுண்ட் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது, கஜானா காலி, ஊரில் கொள்ளைநோய் வந்துபோயிருந்தது, பால்டிக் கரையில் இருந்த மாகாணங்கள் ரஷ்யா கையில். ஆனால் அவர் சமாதானம் பேசத் தயார் இல்லை, புதுப் படை வேண்டும் என்றார்.

அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுக்க வந்தவர்தான் கேயோர்க் ஹைன்ரிக் ஃபொன் கெர்ட்ஸ். ஸ்வீடன்காரர் இல்லை, ஹோல்ஸ்டைன்-கொட்டார்ப் என்ற குட்டி ஜெர்மன் நாட்டுச் சேவகர். ஒரு கண் இல்லாதவர் என்பார்கள். மூளை மட்டும் இரண்டு பேருக்கு உரியது. காசுத் திட்டம், கடன் பத்திரம், வெளிநாட்டுப் பேச்சுவார்த்தை எல்லாம் அவர் கை வழியாகவே போனது.

திட்டம் எளியது. சின்னச் செப்பு வில்லையில் "1 டாலெர்" என்று அடித்துப் படைக்கும் சரக்குக்கும் கொடுப்பது, போர் முடிந்ததும் நல்ல பணம் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வது. 1716 காசில் இருக்கும் "புப்ளிகா ஃபிதே" என்பதற்கு "பொது நம்பிக்கையின் பேரில்" என்று அர்த்தம். ஒளிவுமறைவே இல்லை, காசிலேயே எழுதிவிட்டார்கள்.

சில்லறைக்கணக்கு:
ஒளிவுமறைவு இல்லையாம்! முக்கால் கிலோவுக்குப் பதில் 4 கிராம் கொடுத்துவிட்டு நம்பிக்கை என்று எழுதினால் நேர்மையா? ஊரைக் கொள்ளையடித்த கதைக்கு ஏன் இவ்வளவு பூச்சு என்று புரியவில்லை. போருக்குப் போக விரும்பாத விவசாயியின் தானியத்தை எடுத்துக்கொண்டு கையில் வில்லையைத் திணித்தார்கள். அவ்வளவுதான்.

தாமிரபரணி:
சில்லறைக்கணக்கு, கோபம் நியாயம், ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்று உங்கள் பையில் இருக்கும் 500 ரூபாய்த் தாளின் காகித விலை என்ன? உள்ளே இருக்கும் பொருளை விட மேலே எழுதிய மதிப்பு அதிகம் என்பது மட்டுமே மோசடி ஆகாது. அளவோடு அடித்து, வாக்குக் கொடுத்தபடி திரும்ப வாங்கியிருந்தால் இன்று கெர்ட்ஸை மேதை என்று எழுதியிருப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தக் காசு செம்பில் அச்சடித்த நோட்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் "தரம் தாழ்த்திய காசு" என்று பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

கெட்டது எங்கே என்றால் அளவில். முதலில் கொஞ்சம் அடித்தார்கள், ஓரளவு ஓடியது. அரசருக்கு நார்வே மீது படையெடுக்க வேண்டும், மறுபடி அடி என்றார். 1718-இல் மட்டும் எத்தனை படம் வந்திருக்கிறது என்று மேலே பட்டியலைப் பாருங்கள், ஒரே ஆண்டில் ஆறு. கடைக்காரன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? நல்ல பணத்தை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு வில்லைக்கு விலையை ஏற்றுவான்.

வெட்டிப்பேச்சு:
படம் மாற்றிக்கொண்டே இருந்தது கள்ளக் காசுக்குப் பயந்து இருக்கலாமே. 4 கிராம் செம்பை வாங்கி ஒரு அச்சு செதுக்கினால் ஒரு டாலெர் லாபம். நானாக இருந்தால் அன்றைக்கே தொழிலில் இறங்கியிருப்பேன்.

நாணயவிரும்பி:
😀 உம்மைப் போல யோசித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். முக்கால் கிலோ தகட்டில் கள்ளத்தனம் செய்ய முடியாது, செம்பு வாங்கும் செலவே அந்த மதிப்பு ஆகிவிடும். வில்லையில் முடியும். தகட்டுப் பணத்தின் ஒரே நல்ல குணத்தை இந்தக் காசு இழந்தது.

சில்லறைக்கணக்கு:
தாமிரபரணி, ஒப்பீடு சரியில்லை. 500 ரூபாய்த் தாள் நாளைக்குப் பாதி மதிப்பு ஆகாது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1718 நவம்பர் 30 இரவு நார்வேயில் ஃபிரெட்ரிக்ஸ்டென் கோட்டை முன்னால் பதுங்குகுழியில் கார்ல் தலையில் குண்டு பட்டுச் செத்தார். அப்புறம் 1719-இல் காசுக்குக் கணக்குத் தீர்த்தார்கள். ஒரு டாலெர் என்றால் 32 ஓரே என்று மேலே சொன்னார் அல்லவா, அதில் 16 ஓரே போனது போனதுதான். மிச்சம் 16-இல் 14 ஓரேக்கு ஒரு சீட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கையில் இருக்கும் காசின் மதிப்பு 2 ஓரே. 32 இருந்த இடத்தில் 2. இதைத்தான் பொது நம்பிக்கை என்று அச்சடித்தார்களா?

தாமிரபரணி:
அந்தக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தது யார்? கெர்ட்ஸ் இல்லை. அரசர் செத்த மறுநாள்களிலேயே அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். அப்போது அவர் ஓலாந்துத் தீவில் ரஷ்யாவோடு சமாதானம் பேசும் வேலையில் இருந்தவர். தனி விசாரணைக் குழு போட்டார்கள். குற்றச்சாட்டின் சாரம், மறைந்த அரசரின் அன்பைக் குடிமக்களிடமிருந்து பிரித்தார் என்பது. இது என்ன குற்றம்? எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? 1719 பிப்ரவரி 19-இல் ஸ்டாக்ஹோமில் தலையை வெட்டினார்கள். அதன்பிறகு அதே ஆண்டில் காசைப் பாதியாக்கினார்கள். பழியைச் சுமக்க ஒரு வெளிநாட்டுத் தலை கிடைத்தது, அதைச் சீவிவிட்டு நட்டத்தை மக்கள் தலையில் கட்டினார்கள். காசு அடிக்கச் சொன்னது அரசர், அவரை யார் கேட்பது? எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை.

சில்லறைக்கணக்கு:
அம்பு என்றால் பரவாயில்லை, இவர் வில்லையே செதுக்கிக் கொடுத்தவர். தலையை வெட்டியது அநியாயம் என்பதில் உடன்படுகிறேன், நிரபராதி என்பதில் இல்லை.

மீனாட்சி_கா:
கார்லைச் சுட்டது எதிரி இல்லை, சொந்தப் படைக்காரன் என்று ஒரு பேச்சு உண்டு இல்லையா? பித்தளைப் பொத்தானில் ஈயம் ஊற்றிச் சுட்டார்கள் என்று.

நாணயவிரும்பி:
ஆமாம் அக்கா, அந்தப் பொத்தானை வார்பெர்க் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டாகச் சண்டை ஓய்ந்தபாடில்லை, அதைத் தொட்டால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும். காசுக்காக ஒரே ஒரு விஷயம், "ஹொப்பெத்" என்று சொன்னேன் இல்லையா, அதற்கு "நம்பிக்கை" என்று பொருள், நங்கூரத்தோடு ஒரு பெண் உருவம். 1719 என்று ஆண்டு. அதாவது அரசர் போய், அமைச்சர் தலை போய், காசு மதிப்பு போய்க்கொண்டிருந்த ஆண்டு. யார் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாரோ அவருக்குத் தைரியம் அதிகம்.

கரையோரன், இன்னொன்று. மதிப்பு இழந்த வில்லைகளில் நிறைய மறுபடி அச்சுச்சாலைக்குப் போய், அவற்றின் மேலேயே 1 ஓரே சில்லறைக் காசாக அச்சு விழுந்தது. அப்படிப்பட்ட காசைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் புது முத்திரைக்கு அடியில் பழைய கடவுளின் கால், கேடயத்தின் விளிம்பு, ஒன்றிரண்டு எழுத்து தெரியும். அடுத்த முறை பொட்டலம் வாங்கும்போது 1719-க்குப் பிந்தைய ஸ்வீடன் 1 ஓரே வந்தால் தூக்கிப் போடாமல் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எனக்கு அசல் கெர்ட்ஸ் காசை விட அவைதான் பிடிக்கும்.

நெய்தல்நிலம்:
மாஸ்கோவில் இதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்துவிட்டது. ஜார் அலெக்ஸி வெள்ளி மதிப்பிலேயே செப்புக் கோபெக் அடித்தார், வரியை மட்டும் வெள்ளியில் கேட்டார். 1662-இல் கலவரம், 1663-இல் செப்புக் கோபெக்கை நிறுத்தினார்கள். ஸ்வீடனில் அந்த அளவுக்குக் கிளர்ச்சி இல்லை. அதற்குப் பதில் அரசருக்குப் பின்வந்த தங்கை உல்ரிகா எலியனோராவின் கையிலிருந்து முழு அதிகாரத்தையே பிடுங்கிக்கொண்டார்கள். நாடாளுமன்றம் ஆளும் காலம் தொடங்கியது. எனக்கு அது பெரிய விளைவாகத் தெரிகிறது.

கரையோரன்:
நிறையக் கற்றுக்கொண்டேன், எல்லாருக்கும் நன்றி. காசில் பச்சை படிந்திருக்கிறது, புளி போட்டு விளக்கலாமா?

நாணயவிரும்பி:
ஐயோ, வேண்டவே வேண்டாம்! குத்துவிளக்கு இல்லை அது. முந்நூறு ஆண்டு ஏறிய பழுப்புத் தோல் போய் இளஞ்சிவப்பாகப் பல்லை இளிக்கும், பிறகு சேகரிப்பவர் ஒருவரும் சீந்த மாட்டார். கெட்டியான கரும்பச்சை என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது அரிக்கிற களிம்பு, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நன்றாக உலர்த்தி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மற்றக் காசுகளோடு கலக்காதீர்கள்.

நெய்தல்நிலம்:
தகட்டுப் பணத்தைப் பற்றிப் பேசிவிட்டு நம் கரையை விட்டுவிட்டீர்களே. "நிக்கோபார்" என்ற டேனிஷ் கப்பல் தரங்கம்பாடிக்கு வரவேண்டியது, 1783 ஜூலையில் தென்னாப்பிரிக்கக் கரையில் பாறையில் மோதி மூழ்கியது. 1987-இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் செப்புத் தகடுகள். அதற்கு ஏழு ஆண்டு முன்பே தகடு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே அது பணமாக வரவில்லை, எடைபோட்டு விற்கும் செம்பாக வந்தது. ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் உருக்கிக் குடமும் அண்டாவுமாக ஆகியிருக்கும்.

கரையோரன்:
அந்தத் தகடுகள் இப்போது வாங்கக் கிடைக்குமா?

தாமிரபரணி:
கிடைக்கும். ஏலங்களில் வரும் தகடுகளில் கணிசமானவை அந்தக் கப்பலில் இருந்து வந்தவைதான், பெரும்பாலும் 2 டாலெர், அடித்தபோது ஒன்றரைக் கிலோ இருந்தவை. இருநூறு ஆண்டு உப்புநீரில் கிடந்ததால் மேற்பரப்பு முழுக்கக் குழி, எடை குறைந்திருக்கும், மூலை முத்திரை பாதி அழிந்திருக்கும். அதனால் விலையும் குறைவு. நிலத்தில், வீட்டுக்குள் இருந்து வந்த தகட்டில் ஐந்து முத்திரையும் பளிச்சென்று இருக்கும், விலை அந்த அளவுக்கு மேலே. வாங்குவதாக இருந்தால் நடு முத்திரையில் மதிப்பும், ஒரு மூலையிலாவது ஆண்டும் படிக்க முடிகிற தகடாகப் பாருங்கள். தபால் செலவையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், எடைக்குத்தான் காசு.